சாணைச் சக்கரத்தின் முன்னால்

மான்ட்ரியலுக்கு வெளியே ஓர் ஐஸ் அரங்கில் எனக்கு வேலை. வண்டி ஓட்டிப் பனித்தளத்தை மழமழப்பாக்குவது, ஸ்கேட் பிளேடுகளுக்குச் சாணை பிடிப்பது, இரவில் விளக்கணைத்துப் பூட்டுவது. ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்குமுன் கோல்கீப்பர்கள் வலைக்கு முன்னால் இருக்கும் பளபளப்பை ஸ்கேட்டால் சுரண்டிச் சொரசொரப்பாக்கிக்கொள்வார்கள். அந்த இடத்தைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். அதனாலோ என்னவோ, ஆட்டம் நடக்கும்போது என் கண் கோல்கீப்பர் மேலேயே இருக்கும்.

நான் மிகவும் மதிக்கும் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட். 1959 நவம்பர் 1, நியூயார்க். ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக், மான்ட்ரியல் கனேடியன்ஸின் வலையைக் காத்த பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. பக் என்பது பந்துக்குப் பதிலாக அடிக்கும் 170 கிராம் கெட்டி ரப்பர் வட்டு. உறைய வைத்து ஆடுவதால் கல் மாதிரி இருக்கும். தையல் போட்டுக்கொண்டவர், மாஸ்க் இல்லாமல் இறங்க மாட்டேன் என்றார். பயிற்சியில் ஏற்கெனவே அதைப் போட்டுத்தான் ஆடிவந்தார். ஆட்டத்தில் போடக் கோச் டோ பிளேக் விடவில்லை. காலடியில் கிடக்கும் பக் தெரியாது, பயந்தவன் என்று பேர் வரும் என்பது அவர் வாதம். அன்று அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் அணிகள் மாற்றுக் கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதில்லை. பிளான்ட் ஃபைபர்கிளாஸ் மாஸ்க்கோடு திரும்பி வந்தார். மான்ட்ரியல் 3–1 என்று ஜெயித்தது.

1930இலேயே கிளின்ட் பெனடிக்ட் தோல் மாஸ்க் போட்டுச் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அது நிலைக்கவில்லை. பிளான்ட்டுடையது நிலைத்ததற்குக் காரணம், அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததுதான் என்று நினைக்கிறேன். 1960 மார்ச்சில் ஓர் ஆட்டத்துக்கு மாஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். டெட்ராய்ட்டிடம் 3–0 தோல்வி. மறுபடி மாஸ்க் ஏறியது. லீக்கின் வெற்றியாளருக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையும் அந்த வருடம் மான்ட்ரியலுக்கே.

எனக்கு அந்த பலம் இருக்கவில்லை. முன்பு வேலை பார்த்த அரங்கில் சாணை பிடிக்கும்போது தீப்பொறி கண்ணிமையைச் சுட்டது. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டேன். "இத்தனை வருஷமா யாரும் போடலையே" என்றார் மேற்பார்வையாளர். நான் போனால் மறுநாளே வேறொருவர் வருவார் என்று இருவருக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது. இப்போதைய வேலையில் சேர்ந்த முதல் நாளே என் காசில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பிளான்ட் வலையை விட்டு வெளியே போய், பின்னால் சுற்றி வரும் பக்கைத் தானே நிறுத்தித் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கொடுப்பதையும் வழக்கமாக்கினார். கோல்கீப்பர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். மாஸ்க் பரவியபிறகு, முகத்தைத் தாழ்த்தி முழங்காலில் விழுந்து தடுப்பதும் சாதாரணமாயிற்று. இங்கே ஆட வரும் பத்து வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் விழுகிறார்கள், முகத்தைப் பற்றி யோசிக்காமல்.

1970 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில், செயின்ட் லூயிஸ் அணிக்காக ஆடியபோது, பாஸ்டன் அணியினர் அடித்த பக் பிளான்ட்டின் மாஸ்க்கை உடைத்தது. மாஸ்க்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்றார். நேற்று என் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்கப் பொறி பட்ட சிறு குழிகள். இடது பக்கமும் அப்படித்தான்.