உப்புப் பூத்த சப்பாத்து

சித்திரைக்கு ஊருக்கு வந்த அன்று, மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வீட்டு வாசலில் நான் கழற்றிவிட்ட சப்பாத்தை அம்மா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன புள்ள, உப்புப் பூத்துக் கிடக்கு? கடலுக்க இறங்கினயா?" என்று கேட்டார்.

உப்புதான். ஆனால் கடல் உப்பில்லை. கனடாவில் பனிக்காலத்தில் வீதி வழுக்காமல் இருக்க லொறியில் கொண்டுவந்து தூவுகிற உப்பு. பனி உருகிய தண்ணீரோடு சேர்ந்து சப்பாத்தில் ஏறி, காய்ந்ததும் விளிம்போரமாக வெள்ளைக் கோடு போட்டுவிடும். எத்தனை தரம் ஈரத்துணியால் துடைத்தாலும் தையலுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை விடியப்புறம் நான் ஓடியதெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

"அந்தக் குளிருக்க என்னத்துக்கு மனே ஓடுற?" என்று அம்மா அடுத்துக் கேட்டார். பயணக் களைப்பில் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆறுதலாக யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் டொரொண்டோவுக்குப் போனது 2014 பெப்ரவரியில். கணவர் முன்னரே அங்கே இருந்தார். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. ஜன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் அதில் தெரிந்தது பனியும், போகிற வருகிறவர்களின் கால்களும் மட்டும்தான். மட்டக்களப்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், அங்கே பொதி கட்டும் வேலைக்குப் போனேன். பின்னேர ஷிஃப்ட். இரவு பதினொன்றரைக்கு பஸ்.

சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் அங்கே குறை சொல்ல முடியாது. நடந்துபோகிற தூரத்தில் தமிழ்க் கடை, கோயில், உப்புமீன், ஒடியல் மா எல்லாம் உண்டு. குறை வேறு இடத்தில் இருந்தது. கல்லடியில் நான் ஒரு நாள் பஸ்ஸுக்கு வராவிட்டால் மறுநாள் நாலு பேர் கேட்பார்கள், "நேத்து காணல்லயே?" என்று. கேட்பது சில வேளை தொல்லையாகக்கூட இருக்கும். அங்கே போய் மூன்று வருடம் அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு முறை காய்ச்சலில் ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது என் மேசையில் வேறொருத்தி நின்று பொதி கட்டினாள். மேற்பார்வையாளர் வேறொரு மேசையைக் கையால் காட்டினார். அவ்வளவுதான். அன்றிரவு பஸ்ஸில் அழுதேன்.

2017 இலையுதிர் காலத்தில் நூலகத்தில் ஒரு அறிவித்தல் பார்த்தேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஓட்டக் கழகம், எந்த வேகத்தில் ஓடுகிறவரும் வரலாம் என்றிருந்தது. போனேன். இருபது பேர் வரை நின்றார்கள். நான் போட்டிருந்தது வேலைக்குப் போடுகிற சப்பாத்து. முதல் ஐந்நூறு மீற்றரிலேயே எல்லோரும் கண்ணில் படாத தூரம் போய்விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சிக்னல் விளக்கடியிலும் ஒரு அம்மா நின்றார். ஓய்வுபெற்ற தாதி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைசியாக வருகிறவரைத் தனியே விடக்கூடாது என்பது அந்தக் கழகத்தில் வழக்கமாம்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. கால் நோவு, கொஞ்சம் வெட்கம். அதற்கடுத்த ஞாயிறு போனேன். அந்த அம்மா என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "போன கிழமை உன்னைக் காணவில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் ஓடத் தொடங்கினோம்."

கனடா எனக்கு ஊரானது அன்றைக்குத்தான். குடியுரிமை பின்னர் வந்தது.

ஓட்டம் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மரதன் நடத்துவார்கள். பதினைந்து வயதில் வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்திருக்கிறேன். எங்களுக்கு வீதியில் நெடுந்தூரம் ஓடினால் அது மரதன். ஐந்து கிலோமீற்றரும் மரதன், பத்தும் மரதன். கழகத்தில் நான் "பள்ளிக்கூடத்தில் மரதன் ஓடினேன்" என்று சொன்னபோது எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அங்கே மரதன் என்றால் 42.195 கி.மீ. மட்டும்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது; 1921-இல் அதையே நிரந்தர அளவாக்கினார்கள்.

ஆனால் பள்ளிக்கூட மரதன் தவிர வேறெப்போதும் எங்கள் காலத்தில் வீதியில் ஓட முடியாது. யுத்த காலம். கல்லடிப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாக நடக்க வேண்டும். மழை கொட்டினாலும் ஓடக்கூடாது. "ஓடாத, நட" என்று அம்மா காலையில் சொல்லித்தான் அனுப்புவார். அந்த நடை எனக்குள் இருபது வருடம் இருந்தது. கழகத்தில் ஓடத் தொடங்கிய முதல் மாதங்களில் பொலிஸ் காரைக் கண்டால் ஓடிக்கொண்டிருந்த கால் தானாகவே நடைக்கு வந்துவிடும். என்ன நடக்கிறது என்று அந்தத் தாதி அம்மாவுக்கு விளங்கவில்லை. சொன்னேன். அதற்குப் பிறகு பொலிஸ் காரைக் கண்டால் அவர் என் பக்கத்துக்கு வந்து தோளோடு தோளாக ஓடுவார்.

அங்கே வசந்தத்தில் வீதி ஓட்டங்கள் குவிகின்றன. கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் பனி. மார்ச் கடைசியிலிருந்து மே முடியும் வரை ஓடுவதற்கு நல்ல காலம். ஆனால் மார்ச்சில் ஓட வேண்டுமென்றால் டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். நான் குளிரைப் பழகியது இப்படித்தான். எவ்வளவு குளிரோ அதைவிடப் பத்துப் பாகை சூடாக இருக்கிறது என்று நினைத்து உடுத்த வேண்டும். வீட்டு வாசலில் நடுங்கினால் சரியான உடுப்பு, நடுங்காவிட்டால் இரண்டு கிலோமீற்றரில் வேர்த்து, அந்த வேர்வையே உறையத் தொடங்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை மாதிரியான கையுறைதான் சூடு. இந்த விரல் சூட்டைத் தந்து அந்த விரலைக் காக்கிறது என்று முதல் தரம் போட்டபோது எனக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கறுப்புப் பனிக்கட்டியில் வழுக்கி ஒரு தரம் மணிக்கட்டு வீங்கியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அன்று அதே நேரத்துக்குப் போனால் வெளிச்சம் ஒரு மணித்தியாலம் பிந்தி வரும்.

முதல் வசந்தத்தில் நான் எந்த ஓட்டத்திலும் ஓடவில்லை. தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றேன். அதுவும் ஒரு கலை. கடதாசிக் கோப்பையை அரைவாசிதான் நிரப்ப வேண்டும். அடியில் பிடித்தால் ஓடிவருகிறவர் கை தட்டி ஊற்றிவிடும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, கையை நீட்டி, வருகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்த்தால்தான் யாருக்கு அந்தக் கோப்பை என்று இருவருக்கும் தெரியும். அன்று இரண்டு மணித்தியாலத்தில் நான் பார்த்த கண்கள், அதற்கு முந்திய நாலு வருடத்திலும் பார்த்ததைவிட அதிகம். மூச்சு வாங்கிக்கொண்டே நன்றி சொன்னார்கள். கை விறைத்துப் போனது, இருந்தாலும் மேசையை விட்டு வர மனம் வரவில்லை.

அப்புறம் 2019 மார்ச் கடைசி ஞாயிறு, ஹமில்டனில் குடாவைச் சுற்றி ஓடும் 30 கி.மீ. ஓட்டம். வட அமெரிக்காவிலேயே ஆகப் பழைய வீதி ஓட்டம் அது. 1894-இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனுக்கு மூன்று வருடம் மூத்தது. 1906-இல் அதில் வென்ற டொம் லோங்போட் பற்றித் தாதி அம்மா காரில் போகும்போது சொன்னார். பக்கத்து சிக்ஸ் நேஷன்ஸ் ஒதுக்கிடத்தில் பிறந்த ஒனொண்டாகா பழங்குடி மனிதர். பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளியில் சிறுவயதில் கொண்டுபோய் விட, அங்கிருந்து தப்பி ஓடியவர், பிடித்துக் கொண்டுபோக மறுபடியும் ஓடியவர். 1907-இல் பொஸ்டனிலும் வென்றார். இதைக் கேட்டதிலிருந்து அந்த வீதியில் கால் வைக்க எனக்கு ஒரு மரியாதை வந்தது.

தொடங்கும் இடத்தில் பொலிஸ் வீதியை மறித்துக்கொண்டு நின்றது. வாகனங்களை நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். மார்பில் நாலு ஊசி குத்திய இலக்கத்தோடு பொலிஸாரைக் கடந்து ஓடினேன். கால் நடைக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இரும்பு ஆலைகளைத் தாண்டினால் வீதி ஒரு மணல் திட்டில் ஏறும். ஒரு பக்கம் ஒன்டாரியோ ஏரி, மறுபக்கம் துறைமுகக் குடா, நடுவில் ஒடுங்கிய திட்டு, அதில் வரிசையாக வீடுகள். கல்லடியும் நாவலடியும் அப்படித்தானே! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. (வாவி என்று எழுதினாலும் வாயில் ஆறு என்றுதான் எங்களுக்கு வரும்.) 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்தத் திட்டின் மேலால் போய் ஆற்றில் விழுந்தது. நாவலடியில் என்னோடு படித்த இருவர் போனார்கள். ஹமில்டன் திட்டில் ஓடிய அவ்வளவு நேரமும் அவர்களுடைய பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

திட்டின் முடிவில் ஒரு தூக்குப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். பாதையைப் பார்க்க முன்னொரு நாள் காரில் போனபோது, இரும்புத் தளத்தில் சில்லு உருள அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. எனக்குச் சட்டென்று அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியை என் காதில் வைத்து, "கேக்குதா, மீன் பாடுது" என்பார்.

இருபது கிலோமீற்றருக்குப் பிறகு மேடும் பள்ளமும். கல்லடியில் பிறந்த காலுக்கு மேடு தெரியாது. எங்கள் ஊரில் உயரமான இடம் பாலம்தான். தொடை கல்லாகிவிட்டது. கடைசியில் ஒரு மயானத்துக்குப் பக்கத்தில், கறுப்பு அங்கியும் அரிவாளுமாக எமன் வேடத்தில் ஒருவர் நின்றார். அவரைத் தாண்டினால் இனிப் பயமில்லை என்று ஓடுகிறவர்கள் சொல்வார்கள். தாண்டினேன். அந்த வருடம் ஓட்டம் முடிந்தது ஒரு விளையாட்டரங்குக்கு உள்ளே. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் இறங்கி, மறுபடி விளக்கு வெளிச்சத்துக்கு வந்தால் முடிவுக்கோடு. எனக்கு நாலு மணித்தியாலத்துக்குப் பக்கம். கழகத்தில் மற்ற எல்லோரும் எப்போதோ முடித்திருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

2020 வசந்தத்தில் கொரோனாவால் எல்லா ஓட்டமும் நின்றது. பிறகு திரும்ப வந்தது. ஒட்டாவாவில் மே கடைசியில் நடக்கும் ஓட்டத்துக்கும் போயிருக்கிறேன். அதெல்லாம் இன்னொரு நாள் சொல்லலாம்.

இந்தச் சித்திரையில் எங்கள் பக்கத்துக் கழகமும் மரதன் நடத்தியது. வழுக்கு மரம், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல் எல்லாவற்றுக்கும் முன்னால், வெயில் ஏறாத நேரத்தில். தூரத்தை மோட்டார் சைக்கிள் மீற்றரில் அளந்தார்கள். திரும்பும் இடத்தில் நின்ற தம்பி ஓடிவந்த ஒவ்வொருவரின் புறங்கையிலும் பேனையால் ஒரு கோடு போட்டார். தங்கச்சியின் மகள் பெண்களில் ஐந்தாவது. பதினைந்து வயது அவளுக்கு. அந்தப் பேனைக் கோடு அழியாமல் இரண்டு நாள் கையைக் கழுவப் பயந்து திரிந்தாள்.

"பெரியம்மா, நாளைக்கும் ஓடுவமா?" என்று கேட்டாள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். 1924-இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில்; லேடி மானிங் பாலம் என்பது அதன் பெயர். 2013-இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்ததிலிருந்து வாகனமெல்லாம் அதில்தான். பழையதில் ஆறுதலாக ஓடலாம். சாவடி இருந்த இடத்தைத் தாண்டும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் வீதி. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். புழுக்கத்தில் என்னால் அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வளவு மாமியும் எங்களோடு வந்தார். சேலையோடு, கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, வேக நடை. சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னாராம். தனியே போக ஒருமாதிரி இருந்ததாம். நாலாம் நாள் அவர் வரவில்லை. பாலத்தடியில் காத்து நின்றோம். கிழக்கே வானம் வெளுத்து, ஆற்றில் வலை இழுத்த தோணிகள் கரைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டன. பிறகுதான் ஓடினோம்.

ஐந்தாம் நாள் தூரத்திலேயே மாமியைக் கண்டதும் பிள்ளை நடுப்பாலத்தில் நின்று சத்தமாகக் கேட்டாள்: "மாமி, நேத்து காணல்லயே?"