எத்தனை நாள் இருக்கவேணும்?

தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலிருந்து தாய் தகப்பன் துணையில்லாமல் திரும்பிய பிள்ளைகளை வீட்டில் சேர்க்கும் திட்டமொன்றில் வேலை செய்தேன். அவர்களில் ஒருவனை மட்டும் மனம் விடுவதாக இல்லை. 2007இல் மன்னார்க் கரையில் படகேறியபோது அவனுக்கு 3 வயது. பெரியம்மா கூட்டிக்கொண்டு போனார். கைக்குழந்தையோடு தாய் பின்னால் வருவதாக ஏற்பாடு. அதற்குள் சண்டையில் பாதை இல்லாமல் போய்விட்டது. தாய் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து, மீள்குடியேறி, வீட்டுத் திட்டத்தில் வீடும் கட்டி முடித்த பிறகுதான் பிள்ளை வந்தான், 13 வயதில். பெரியம்மா தன் பிள்ளைகளின் படிப்புக்காக அங்கேயே நின்றுவிட்டார்.

முதல்நாள் தாய் கோழிக்கறி சமைத்திருந்தார். சாப்பிட்டான். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தான். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, நான் இங்க எத்தனை நாள் இருக்கணும்?" என்றான்.

"இது உன்ர வீடடா தம்பி. நாள் கணக்கெல்லாம் இல்லை."

குசினி வாசலில் தாய் நின்றார். நான் சொன்னது அவருக்கான பதில்தான். பத்து வருடம் காத்திருந்த மனுசிக்கு முன்னால், 'மூன்று மாதம் போகட்டும், பார்ப்போம்' என்று எப்படிச் சொல்வது? ஆனால் கேட்டது பிள்ளை. அவன் சொல்வதைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை. இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது. நானே பயிற்சிகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவன் இருக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே என்றும் சில நேரம் படும். முகாமில் உதவிப்பணத்துக்கு ஒரு திகதி, ஆள் சரிபார்க்க ஒரு திகதி. அப்படி வளர்ந்தவன் இதற்கும் ஒரு திகதி இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

அப்புறம் அவன் அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சிங்களத்தை எழுத்திலிருந்து தொடங்கினான். பொடியள் அவன் பேச்சைப் பகிடி பண்ணினார்கள். சில மாதத்தில் அவனும் அவர்களைப் போலவே கதைத்தான். பிள்ளை பழகிவிட்டான் என்றார் நன்னடத்தை உத்தியோகத்தர். அறிக்கையில் நானும் அப்படித்தான் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் கேட்டுப் பயனில்லை என்று கண்ட பிள்ளையும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். திட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் நின்றுபோனது.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், ஆறு மாதம் கழித்துப் பிள்ளையைத் தனியே இருத்தி மறுபடி கேளுங்கள் என்கிறேன். வளர்த்தவரோடு கிழமைக்கு ஒருதரமாவது போனில் கதைக்க விடுங்கள் என்றும். முதல்நாள் என்ன பதில் சொல்வது என்று அவர்கள் கேட்டால், நான் சொன்னதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.