மலை மண்ணாலான தீவு

அரையாண்டு விடுமுறைக்கு ஏதேனும் ஒரு தீவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் ஆடி மாதத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். எட்டாம் வகுப்பில் இருக்கும் மகள் அந்தமானின் கடற்கரைப் படங்களைத் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். விமானக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கிப் பார்த்த என் கணவர் இரண்டு நாட்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என் மாமியார், ஆகாயத்தில் தன்னால் ஏற முடியாது, ஆனால் ரயிலில் போகக்கூடிய தீவு ஒன்று தனக்குத் தெரியும் என்றார். அத்தை புனலூரில் பிறந்தவர். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அவருடைய அப்பாவுக்கு அந்தத் தீவிலிருந்துதான் தேங்காயும் கயிறும் வந்தனவாம். இப்படித்தான் மன்றோ துருத்துக்குப் போவது முடிவாயிற்று. செங்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தின் பெயரை, இராஜபாளையத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து ஆண்டுகளான நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

துருத்து என்றால் மலையாளத்தில் தீவு. நம் பழைய தமிழிலும் ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலத்துக்குத் துருத்தி என்றுதான் பெயர். திருப்பூந்துருத்தியை நினைத்துக்கொண்டால் போதும். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தின் பழைய பெயரும் திருத்துருத்திதான் என்பது, குற்றாலத்துக்கு ஐந்து கல் தொலைவில் குடியிருக்கும் எனக்கு ஒரு வேடிக்கையான பொருத்தமாகத் தோன்றியது. மன்றோ என்பவர் 1810-இல் திருவிதாங்கூருக்கு ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ. 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பும் அவர் கையில் இருந்தது. கிறித்தவ மிஷன் சங்கத்தின் இறையியல் கல்விக்காக இந்தத் தீவு அவர் காலத்தில் கொடுக்கப்பட்டு, அதனால் அவர் பெயரைப் பெற்றது. பின்னர் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. செங்கோட்டையும் அதே திருவிதாங்கூரின் நிலமாகவும், பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் நிலமாகவும்தான் இருந்தது என்பதால், அத்தைக்கு இது வேறு மாநிலப் பயணமே இல்லை. பழைய உறவினர் வீட்டுக்குப் போவதைப்போல நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு பொட்டலம் சுக்கும் எடுத்து வைத்தார்.

திருவாதிரைக் களி உண்ட மறுநாள் காலை ரயிலில் ஏறினோம். களி உண்ட மறுநாள் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த ஒரே பிழையும், எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய காட்சியும் அந்த நாளால் வந்தவை.

பகவதிபுரத்தைத் தாண்டியதும் வரும் சுரங்கத்தைப் பற்றி எங்கள் ஊரில் பேசாதவர்கள் இல்லை. 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2010-இல் மூடப்பட்டு, அகலப்பாதையாக 2018-இல் மீண்டும் உயிர்பெற்ற வழி அது. அந்த எட்டு ஆண்டுகளும் ஆரியங்காவுக்கும் புனலூருக்கும் பேருந்தில் குலுங்கிக்கொண்டு போன கதையை அத்தை இன்னும் மறக்கவில்லை. எனக்குச் சுரங்கத்தைவிட அதன் மேலிருக்கும் மலையே பெரிதாகத் தெரிகிறது. அதன் கிழக்குச் சரிவில் விழும் மழை சிற்றாற்றில் சேர்ந்து தாமிரபரணிக்குப் போகிறது. மேற்குச் சரிவில் விழும் மழை கல்லடையாற்றுக்குப் போகிறது. இருளுக்குள் நுழையும்போது வறண்ட காற்று, வெளியே வரும்போது ஈரக் காற்று. பள்ளிக்கூடத்தில் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து விளக்கும் மழைமறைவுப் பகுதி, ஜன்னலில் முகம் வைத்திருந்த என் நான்காம் வகுப்பு மகனுக்குச் சில நிமிடங்களில் புரிந்துவிட்டது.

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கடந்தோம். ரயிலுக்குள் இருப்பவருக்குப் பாலத்தின் அழகு தெரியாது என்பது அந்தப் பாலத்தின் குறை. கீழே சாலையில் நிற்பவருக்கே அது முழுதாகத் தெரியும். பாதையை ஒட்டி இறங்கி ஓடும் கழுதுருட்டி ஆறு, குளத்துப்புழை, செந்துருணி ஆறுகளோடு சேர்ந்து கல்லடையாறாகிறது. புனலூரில் அந்த ஆற்றின்மேல் 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலம் இருக்கும் திசையைக் காட்டி, சிறுமியாக அதன் பலகைகளில் ஓடி அடி வாங்கியதை அத்தை சொன்னார். நூற்றிருபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடி அஷ்டமுடிக் காயலில் விழும் அந்த ஆறு, காயலோடு கலக்கும் இடத்தில் சேர்த்த மண்தான் நாங்கள் போகும் தீவு. அதாவது, ஆற்றோடு கூடவே பயணம் செய்து அது முடியும் இடத்தில் நாங்கள் இறங்கப்போகிறோம். அத்தை இதைச் சுருக்கமாக, "நம்ம மலைதான் கரைஞ்சு அங்க போய்க் கிடக்கு" என்றார்.

குண்டறையில் இறங்கி ஆட்டோவில் தீவுக்குள் போனோம். தீவு என்று ஒருமையில் சொன்னாலும் அது எட்டுச் சிறு துருத்துகள் சேர்ந்த ஒரு பஞ்சாயத்து. மொத்தப் பரப்பு பதின்மூன்று சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வாய்க்கால்களால் ஊர் துண்டு துண்டாக அறுபட்டிருப்பதால், பக்கத்து வீட்டுக்குப் போவதற்கும் ஒரு சிறு பாலமோ ஒரு வள்ளமோ வேண்டியிருக்கிறது.

நாங்கள் பதிவு செய்திருந்த தங்கும் விடுதியின் இணையப் படத்தில் வீட்டின் முன்னே பச்சைப் புல்வெளியும் அதில் இரண்டு ஊஞ்சலும் இருந்தன. நாங்கள் போய் நின்ற நண்பகலில் ஊஞ்சல்கள் இருந்தன, புல்வெளியைக் காணவில்லை. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் முற்றம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஆட்டோக்காரர் எங்கள் பெட்டிகளை இறக்கி வைக்க உலர்ந்த இடம் தேடினார். என் கணவருக்கு வந்த கோபத்துக்கு நானும் உடன்பட்டேன். முன்பணம் வாங்கிக்கொண்டு இப்படியா என்று கேட்கத்தான் போனோம். வீட்டுக்கார அம்மா செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் நடந்து வந்து, நேற்று பௌர்ணமி அல்லவா, இன்றும் நாளையும் இப்படித்தான் இருக்கும், சாயங்காலம் இறங்கிவிடும் என்று, எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று சொல்வதைப்போல இயல்பாகச் சொன்னார்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் உயரும் என்பதும், அந்த உயர்வு ஓரிரு நாள் தாமதித்தே உச்சத்துக்கு வரும் என்பதும் நான் பாடம் நடத்தும் செய்திகள்தாம். காலண்டரைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுத்ததற்கு அந்த அம்மா பொறுப்பல்ல. படத்தைப் பற்றிய வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதைத் தண்ணீர் ஏறிய நாளிலும் ஒருமுறை எடுத்துப் போட்டிருக்கலாம்.

மறுநாள் காலை வள்ளத்தில் ஏறினோம். மோட்டார் இல்லாத, ஐந்து பேருக்கு மேல் கொள்ளாத மர வள்ளம். ஓட்டுபவர் பின்முனையில் நின்று நீண்ட மூங்கில் கழியால் அடிமண்ணை உந்துகிறார். அதற்குக் கழுக்கோல் என்று பெயர். வாய்க்கால்களின் மேலே போகும் பாலங்கள் தாழ்வானவை என்பதால், தண்ணீர் ஏறுவதற்குள் அவற்றைக் கடந்துவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். அப்படியும் கடைசி இரண்டு பாலங்களில் நாங்கள் அனைவரும் வள்ளத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொள்ள நேர்ந்தது. எழுபது வயதைத் தாண்டிய அத்தை, மருமகள் முன்னால் படுப்பதா என்று ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின் பேரனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே படுத்தார். முகத்துக்கு ஒரு சாண் மேலே, சிப்பிகள் அப்பிய கான்கிரீட் நகர்ந்து போனதை என் மகள் கைப்பேசியில் பிடிக்க முயன்று, தன் நெற்றியை மட்டும் பிடித்திருக்கிறாள்.

பாலங்களைக் கடந்ததும் அவசரம் போய்விட்டது. வேர்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும் கண்டல் மரங்கள், நீர்க்காகங்கள், இறால் வளர்க்கும் பாத்திகள், மட்டை ஊறும் இடத்தின் நாற்றம், திண்ணையில் ராட்டு வைத்துக் கயிறு திரிக்கும் ஒரு பாட்டி. இவையெல்லாம் சுற்றுலா விளம்பரங்களில் வருபவைதாம் என்பதால் நீட்டவில்லை. விளம்பரத்தில் வராத ஒன்றை அத்தைதான் முதலில் கண்டார். கதவும் ஜன்னலும் இல்லாத ஒரு வீட்டைக் காட்டி, ஏன் இடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று தன் பழைய புனலூர் மலையாளத்தில் கேட்டார். "இடிச்சதில்ல அம்மே, இறங்கிப்போனது" என்றார் வள்ளக்காரர்.

அதன்பிறகு எங்கள் கண்ணுக்கு அதுவே தெரிந்தது. வாசற்படிகள் மண்ணுக்குள் போய் வாசல் குள்ளமான வீடுகள். சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும் வீடுகள். கழிப்பறையை மட்டும் ஆளுயர மேடை மீது கட்டிய வீடுகள். கொண்டை இழந்து வெறும் தூணாக நின்ற தென்னைகள். 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகுதான் இப்படி ஆயிற்று என்று வள்ளக்காரர் சொன்னார். ரயில் ஓடும் அதிர்வுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டாம். ஆனால் வள்ளத்தைக் கரையில் நிறுத்தி இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே அவர் சொன்ன இன்னொரு காரணம், நாங்கள் வந்த வழியோடு பொருந்தி என்னை உட்காரவைத்துவிட்டது. அவருடைய சிறுவயதில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறு கலங்கி வந்து வயலிலும் முற்றத்திலும் எக்கலைப் பரப்பிவிட்டுப் போகும்; அதன்மேல்தான் நெல் விதைப்பார்கள், தென்னைக்கு வேறு உரம் தேடியதில்லை. தென்மலையில் பரப்பாறு அணை வந்த பிறகு தண்ணீர் வருகிறது, எக்கல் வருவதில்லை. வண்டலைக் குறிக்கும் எக்கல் என்ற சொல்லை அத்தைக்கும் எனக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

1986-இல் நீர் தேக்கத் தொடங்கிய அணை அது. கொல்லம் மாவட்டத்துக்கும் அதைத் தாண்டியும் அதன் கால்வாய்கள் போகின்றன. அதை நம்பிப் பயிர் செய்பவர்களிடம் அணை தீமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அணையில் தேங்கும் தண்ணீரில் மண் அடியில் படிந்துவிடும் என்பதும், ஆற்று வண்டலால் ஆன நிலம் தன் எடையிலேயே சிறிது சிறிதாக அமுங்கிக்கொண்டிருக்கும், புது வண்டல் வந்து விழும்வரைதான் அது ஈடுகட்டப்படும் என்பதும் புவியியல். ஆற்று மணலை அள்ளியதும் கடல் மட்டம் உயர்வதும் அதோடு சேர்ந்துகொண்டன. பாடமாகச் சொல்லும்போது இது மூன்று வரி. திண்ணை வரை தண்ணீர் வந்த வீட்டின் முன்னே நின்று மகளுக்கு அதைச் சொல்ல நேர்ந்தபோது எனக்கு மூன்று வரியும் வரவில்லை.

அன்று மதியச் சாப்பாடு இந்தப் பதிவில் இடம்பெற்றே ஆக வேண்டும். கரிமீனில் மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, தவாவில் வாட்டிய பொள்ளிச்சது ஒன்று. வேகவைத்துத் தாளித்த மரச்சீனி. தேங்காய்க் கொத்து போட்டு வதக்கிய, கக்கா என்னும் காயல் மட்டி. அஷ்டமுடியின் மஞ்சள் கக்காவை அள்ளும் மீனவர்களின் முறைக்கு 2014-இல் பன்னாட்டுச் சான்று கிடைத்தது, இந்தியாவில் அப்படிச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான் என்று நான் படித்ததைச் சொன்னபோது, வீட்டுக்கார அம்மா ஆர்வம் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு அத்தை நார்த்தங்காய் ஊறுகாயைத் திறந்தார். அதற்குப்பின் இருவரும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் மன்றோ துருத்து நிலையத்தில் கொல்லம் பாசஞ்சரில் ஏறினோம். அந்த வழியில் பெருமண் பாலம் இருக்கிறது. 1988 ஜூலை 8 அன்று பெங்களூருவிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் அங்கிருந்து காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். அந்த ரயிலின் பெயரில் இருக்கும் தீவு இதுவல்ல. அந்த ரயில் முன்னாளில் போய் நின்ற கொச்சி வில்லிங்டன் தீவு. அந்தத் தீவோ துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கியது. பாலத்தைக் கடக்கும்வரை அத்தை கைகூப்பிக்கொண்டிருந்தார்; பெட்டியிலிருந்த வேறு சிலரும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்கள்.

கொல்லத்தில் மாறி, மாலையில் மறுபடியும் மலை ஏறினோம். தென்மலையில், அணை எந்தப் பக்கம் என்று மகன் கேட்டான். என் கணவர் காட்டுக்குள் கையைக் காட்டினார். அந்தத் திசையில் இருட்டும் மரங்களும் மட்டுமே தெரிந்தன. அவன் சுரங்கம் வரும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. விடுதியைப் பதிவு செய்யும் முன் தினசரிக் காலண்டரில் பௌர்ணமியும் அமாவாசையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாட்களைத் தவிர்ப்பதா தேர்ந்தெடுப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் இனிப் போனாலும் தண்ணீர் ஏறும் நாளில்தான் போவேன்.

அத்தையும் அந்த வீட்டுக்கார அம்மாவும் இப்போது வாரம் ஒருமுறை கைப்பேசியில் பேசிக்கொள்கிறார்கள். சாரல் தொடங்கும் காலத்தில் அங்கிருந்து வரும் முதல் கேள்வி, மலையில் மழை உண்டா என்பதுதான். அத்தை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே கொல்லைப்புறத்துக்குப் போய், துவைகல்லின் மேல் ஏறி நின்று, ஆரியங்காவுப் பக்கம் மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார்.