ஒரே எண்ணில் இரண்டு ஒயர்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனுக்கு இரண்டு உலகமும் பழகியிருக்க வேண்டும். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போனால் பில்லிங் கடை, எடை மேடை எல்லாமே விண்டோஸ். இந்தப் பக்கம் பள்ளிக்கூட லேப்களில் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும், உபுண்டுவை வைத்துச் செய்த லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்று. அதில் படித்த பிள்ளைகள் பால் சொசைட்டியில் கணக்கு எழுத உட்கார்ந்தால், அதையே போட்டுத் தரச் சொல்கிறார்கள். எந்தப் பக்கமானாலும் எனக்கு வரும் போன் மட்டும் மாறாது: "ஒயரெல்லாம் மாட்டித்தான் இருக்குங்க, ஆனா கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது."

கம்ப்யூட்டரைச் சாதனத்தோடு பேசவைக்கும் நிரல்தான் டிரைவர். விண்டோஸில் அதற்கு முன்பெல்லாம் சிடி தேட வேண்டும். தராசு வாங்கிய அன்று பெட்டிக்குள் ஒரு சிடி இருந்திருக்கும், அதை யாரோ மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மைய நிரலோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. இதில் நான் லினக்ஸ் கட்சிதான். ஆனால் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் உள்ளே கிடக்கும்போது, இந்த ஒயருக்கு இந்த டிரைவர் என்று கெர்னல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்டியில் ஒட்டிய பெயரை அது பார்ப்பதில்லை. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவரை மெம்பர் நம்பரைக் கேட்டு நோட்டைப் புரட்டுவது போலத்தான் அதன் வேலையும். யுஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் கெர்னல் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக்குறிப்பைக் கேட்டு வாங்குகிறது. அதில் தயாரிப்பாளருக்கு ஒரு எண், பொருளுக்கு ஒரு எண். கம்ப்யூட்டருக்கு உள்ளே செருகும் பிசிஐ கார்டுகளுக்கும் இதே ஏற்பாடுதான். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. 1978இல் அவர்கள் விட்ட பிராசசரின் எண்ணையே வாங்கி வைத்திருக்கிறார்கள். கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒவ்வொரு டிரைவரும் தான் கவனிக்கக்கூடிய எண்களை ஒரு பட்டியலாகத் தன்னுள் வைத்திருக்கும். டெப்மாட் என்ற நிரல் அவற்றையெல்லாம் திரட்டி ஒரே கோப்பாக்கி வைக்கிறது. புதுச் சாதனம் வந்ததும் கெர்னல் அதன் எண்களை ஒரு வரியாகக் கோத்து அறிவிக்க, சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரல் அந்தக் கோப்பில் பார்த்துப் பொருத்தமான டிரைவர் மாட்யூலை ஏற்றுகிறது. இதோடு முடியவில்லை. எண் பொருந்தியபின் கெர்னல் டிரைவரின் புரோப் என்ற பகுதியைக் கூப்பிடும். அது சாதனத்தோடு பேசிப் பார்த்துச் சரி என்றால்தான் இரண்டும் சேரும். இல்லை என்று திருப்பி அனுப்பினால் கெர்னல் அடுத்த ஆளைத் தேடும்.

கீபோர்டு, பென்டிரைவுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. "நான் இந்த வகுப்பு" என்று அவை சொல்லிவிடும். யார் செய்த பென்டிரைவாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். தராசையும் பால் பரிசோதனைக் கருவியையும் இணைக்கிற மலிவான சீரியல் ஒயர்கள் அப்படி இல்லை. எந்தப் பொது வகுப்பிலும் சேராதவை, எண்ணை நம்பித்தான் பிழைக்கின்றன. இங்கே கிடைப்பதில் ரொம்பச் சாதாரணம் சிஎச்340 சிப். அதன் எண் 1ஏ86, 7523. எனக்கு வீட்டு கேஸ் நம்பரைவிட இது நன்றாக மனப்பாடம்.

எண்ணை நம்புவதில் வில்லங்கமும் உண்டு. எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப்பை நகலெடுத்து, அதே எண்ணைச் சொல்லும் போலிகள் சந்தையில் ஏராளம். 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலி என்று கண்டால் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. ஒயர் செத்த மாதிரிதான். லினக்ஸ்காரர்கள் தங்கள் டிரைவர் பட்டியலில் அந்த 0000ஐயும் சேர்த்துக்கொண்டார்கள். போலி ஒயர் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவன் பக்கம் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

உபுண்டு 22.04 வந்தபோது இன்னொரு கூத்து. சிஎச்340 ஒயரைச் செருகினால் அதற்கு லினக்ஸ் வைக்கும் பெயரான டிடிஒய்யுஎஸ்பி0 வரும், வந்த வேகத்தில் காணாமல் போகும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால் கடைசி வரிகளில் ஒயரை எடுத்துக்கொண்டது பிஆர்எல்டிடிஒய் என்று இருக்கும். பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கிற பிரெயில் கருவிகளுக்கான நிரல் அது. சில பிரெயில் கருவிகளுக்குள்ளும் இதே சிப், இதே எண். தராசு ஒயரைப் பிரெயில் கருவி என்று நினைத்து, டிரைவரைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்கிறது. அதை அழித்துவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொசைட்டியில் அழித்தேன். பள்ளிக்கூட லேபில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. யாராவது ஒரு பிள்ளைக்கு நாளைக்குத் தேவைப்படும். அங்கே எந்த எண்ணுக்கு அந்த நிரல் எழ வேண்டும் என்று யுடெவுக்குச் சொல்லும் விதிக்கோப்பில் அந்த எண் இருந்த ஒரு வரியை மட்டும் முடக்கினேன்.

ஆனால் எண் சரியாகப் பொருந்தியும் வேலை கெட்டது வண்ணாமடைப் பக்கம் ஒரு சொசைட்டியில். தராசுக்கு ஒரு சிஎச்340 ஒயர், பரிசோதனைக் கருவிக்கு இன்னொன்று. ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் முதல் ஆள் பால் ஊற்றியதும் திரையில் எடை 4.1 கிலோ, ஃபேட் 12.4.

"எருமைகூட இவ்வளவு கறக்காதுங்கண்ணா," என்றது கணக்கு எழுதும் பெண்.

பின்னால் நின்ற பெரியவர், "அதையே போட்டுக் காசு குடும்மா," என்றார்.

ஃபேட்டை வைத்துத்தான் விலை, அதனால் வரிசை நின்றுவிட்டது. கெர்னல் மேல் தப்பே இல்லை. இரண்டுக்கும் சரியான டிரைவரைத்தான் சேர்த்திருந்தது. ஆனால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1. மென்பொருளோ 0 என்றால் தராசு என்று எழுதி வைத்திருந்தது. கரண்ட் போய் வந்ததில் வரிசை மாறி, ஃபேட் எடையாகவும் எடை ஃபேட்டாகவும் விழுந்துவிட்டது. இந்த சிப்களில் தனி வரிசை எண்ணும் கிடையாது, இரட்டைப் பிள்ளைகளைப் பிரித்தறிய வழியில்லை. மிச்சம் இருப்பது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பது மட்டும். யுடெவ் அதையும் பை-பாத் என்ற அடைவில் குறித்து வைக்கிறது. மென்பொருளில் அந்தப் பாதையைக் கொடுத்தேன். தராசுத் துளைக்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு, கருவித் துளைக்குப் பச்சை டேப். இரண்டு ஒயரையும் அசையாமல் கட்டிவிட்டேன்.

சிபியுவை மாற்றினால் பாதையும் மாறும், மறுபடி எழுத வேண்டும். அதைச் செக்ரட்டரியிடம் சொன்னேன். "அப்ப மாத்தறப்போ கூப்பிடறனுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த மெம்பர் நம்பரைக் கூப்பிட்டார்.