ஒரு ஆட்டோ, இரண்டு ஆட்டுக்கடா, கொஞ்சம் போளி

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து, கோயில் இருக்கும் கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். நடந்தால் கால் மணி நேரம். இது எனக்கும் தெரியும், தெரிந்தும் ஏறினேன், அதுதான் எரிச்சல்.

மதுரையிலிருந்து வந்திருந்த மச்சினனுக்குத் திருவனந்தபுரத்தைக் காட்ட, இரண்டு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய், பஸ் காசு தனி என்று கணக்குப் போட்டு மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினோம். என் தாத்தாவுக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். 1956 நவம்பர் 1-ல் எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு எங்களுக்கு அது பக்கத்து மாநிலம். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, வேறு விசேஷமில்லை.

இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இந்தியன் காபி ஹவுஸ். இங்கிலாந்தில் பிறந்து இந்த ஊரிலேயே குடியேறிவிட்ட லாரி பேக்கர் கட்டிய செங்கல் உருளை. உள்ளே மாடி என்று தனியாக எதுவும் இல்லை. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், சுவரோரம் மேசைகள், சுவரெல்லாம் காற்று வர ஓட்டைகள். காலி மேசை கிடைக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர்கள் அந்தச் சரிவில் கை நிறையத் தட்டுகளோடு சாதாரணமாக ஏறி இறங்குகிறார்கள். எனக்கு வெறும் கையோடு ஏறவே மூச்சு வாங்கியது.

மசால் தோசை வந்தது. மச்சினன் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், உருளைக்கிழங்குக்கு மருதாணி வச்சிருக்காங்க?" என்றான். பீட்ரூட்! இந்தக் கடையின் அடையாளமே அதுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், அவன் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டான். காபி சுமார்தான், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்துக்காக இன்னொரு காபியும் குடிக்கலாம்.

அப்போது மணி 6:40. பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் குதிரமாளிகை அரண்மனையை ஒட்டி மேத்தன் மணி என்றொரு பழைய கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் ஒன்று வாயைத் திறக்கும், இரண்டு பக்கமிருந்தும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். ஏழு மணிக்கு அதைக் காட்டிவிடலாம் என்றுதான் ஆட்டோவில் ஏறினேன். அந்த மகராசன் மீட்டர் போடவில்லை. "ஒன் வே" என்று சொல்லி ஊரையே ஒரு சுற்று சுற்றி, 7:05-க்கு இறக்கிவிட்டு 120 கேட்டார். நான் மலையாளத்தில் சண்டை போட்டேன், அவர் தமிழில் பதில் சொன்னார். கொடுத்துத் தொலைத்தேன். ஆடுகள் முட்டி முடித்திருந்தன.

சரி, வந்ததற்குப் பத்மதீர்த்தக் குளக்கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்தோம். ஏழு நிலை. கேரளக் கோயில்களில் இப்படி ஒரு கோபுரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மச்சினனுக்கு மீனாட்சி ஞாபகம் வந்துவிட்டது. இருவரும் பேன்ட்டில் போயிருந்ததால் உள்ளே போகும் பேச்சே இல்லை. வேட்டி கொண்டு போங்கள்.

அப்புறம் போளி. மதுரையில் போளிக்கு நெய் தடவித் தருவார்கள். இங்கே மஞ்சளாக, துணி மாதிரி மெத்தென்ற போளியை விரித்து, அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். "இனிப்புக்கு மேல இனிப்பா?" என்று முகம் சுளித்தவன், என்னைக் கேட்காமலே இன்னொரு தட்டு சொன்னான். அங்கேதான் என் 500 கணக்கு உடைந்தது. எனக்கு வருத்தமில்லை. அந்தப் போளிக்காகவே அடுத்த வாரமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் தேங்காய் எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் நேந்திரங்காய் சிப்ஸ் கண்ணெதிரே பொரிகிறது. "ஒரு கிலோ எந்தா வில சேட்டா?" என்று மச்சினன் சினிமா மலையாளத்தில் இறங்க, கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "தமிழ்லயே கேளுங்க தம்பி, விலை அதேதான்" என்றார்.

வீட்டுக்கென்று அரைக் கிலோ வாங்கினோம். நெய்யாற்றின்கரை தாண்டும்போது பொட்டலத்தில் பாதிகூட இல்லை.