கணக்குப் பிரிவு, சோல்டர் மேசை, ரசிகர் விழா: கொழும்பு நாட்குறிப்பு

2025 ஜூலை 6, ஞாயிறு

விழா ஓகஸ்ட் 9, 10 ஆம் திகதிகளில். கொஸ்ப்ளே (கதாபாத்திர வேட) உடைகளும் அவற்றின் விளக்குகளும் பழுதானால் திருத்திக் கொடுக்கும் மேசை எங்கள் தொண்டர் குழுவின் பொறுப்பு. உதிரிப்பாகப் பட்டியலை எழுத முன்னர் அலுவலக நாட்காட்டியை மேசையில் விரிக்க வேண்டும்.

கணக்குப் பிரிவில் வேலை செய்பவருக்கு மாதம் ஏற்கெனவே துண்டு போடப்பட்டிருக்கிறது. 1 முதல் 6 வரை மாத முடிவுக் கணக்கு. 15க்குள் ஊழியரிடம் பிடித்த ஏபிஐடி வரி கட்ட வேண்டும். 20க்குள் பெறுமதி சேர் வரி (வற்). மாதக் கடைசிக்குள் ஊழியர் சேமலாப நிதி (ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம்), அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம். மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்தான்: 7 முதல் 12 வரை, 21 முதல் 27 வரை. விழாவுக்கு முந்தைய வாரம் மாதத் தொடக்கத்தில் விழுகிறது. ஆகவே சோல்டர் வேலை (ஈயம் உருக்கி வயர்களைப் பற்றவைப்பது) ஜூலை 27 இரவோடு முடிய வேண்டும். அதற்குப் பிறகு சோதனையும் பொதி கட்டுவதும் மட்டும்.

வார நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம் கிடைக்கும். வேலையை அந்த அளவுக்கு வெட்டினால்தான் நகரும். ஓர் இரவு வயர்களை அளந்து வெட்டி, முனை உரித்து, ஈயம் பூசி வைப்பது. அடுத்த இரவு இணைப்பது. அதற்கடுத்த இரவு மல்ரிமீற்றர் வைத்துப் பார்ப்பது. எந்த இடத்தில் நிறுத்தினோம், அடுத்தது என்ன என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிட வேண்டும். மூன்று நாள் கழித்துத் திறக்கும்போது முதல் கால் மணி நேரம் யோசிப்பதிலேயே போகாது.

ஜூலை 10, வியாழன், எசல போயா

விடுமுறை, கடைகள் பூட்டு. கணக்குப் போட நல்ல நாள்.

மேசையில் மாதிரியாக வைக்கப்போகும் நெஞ்சுக்கவசத்துக்கு 72 எல்ஈடி. பட்டி டபிள்யூஎஸ்2812பி, 5 வோல்ற். ஒவ்வொரு எல்ஈடியின் நிறத்தையும் ஒரே தகவல் வயர் வழியாகத் தனித்தனியே மாற்றக்கூடிய வகை. ஒவ்வொரு எல்ஈடியும் முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும், ஆக மொத்தம் 4.3 அம்பியர். எந்தச் சாதாரண பவர் பேங்கும் இதைத் தாங்காது. தாங்கினாலும் கண் கூசும், உடைக்குள் சூடு ஏறும். வெளிச்சத்தை மென்பொருளிலேயே கட்டுப்படுத்த வேண்டும். பட்டியை இயக்கும் டபிள்யூஎல்ஈடி மென்பொருளில் மின்னோட்ட உச்சவரம்பை எண்ணாகவே கொடுக்கலாம். 1200 மில்லி அம்பியர் போதும். மண்டபத்துக்குள் அதுவே பளிச்சென்று தெரியும்.

10,000 மில்லி அம்பியர் மணி என்று பவர் பேங்கில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் கலத்தின் கணக்கு. 37 வொட் மணி. 5 வோல்ற்றுக்கு உயர்த்தும்போது ஏறத்தாழ 15 வீதம் போனால் மிச்சம் 31 வொட் மணி, அதாவது 5 வோல்ற்றில் 6.3 அம்பியர் மணி. 1.2 அம்பியருக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். காலையிலிருந்து மாலை வரை நிற்கிறவருக்கு இரண்டு பவர் பேங்க் வேண்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. இரண்டு கண் விளக்கு மட்டும் உள்ள முகமூடி 40 மில்லி அம்பியர்தான் இழுக்கும். பல பவர் பேங்குகள் அதை "ஒன்றும் செருகவில்லை" என்று எடுத்துக்கொண்டு அரை நிமிடத்தில் அணைந்துவிடும். 47 ஓம், 1 வொட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ற்றுக்குக் குறுக்கே போட்டால் கூடுதலாக 100 மில்லி அம்பியர் ஓடும், பவர் பேங்க் விழித்திருக்கும். ரெசிஸ்டர் அரை வொட் அளவுக்குச் சுடும். ஆகவே உடையின் ஃபோமில் (மென்நுரைத் தகட்டில்) படாமல், காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குக் காலை ரயிலில் கோட்டையில் இறங்கி நடப்பது 100, 101 பஸ்ஸில் காலி வீதி வழியே ஊர்வதைவிட நல்லது. ஆடிவேல் தேர் வரும் நாட்களில் பஸ்ஸை நினைக்கவே வேண்டாம்.

வாங்க வேண்டியவை: 63/37 சோல்டர் வயர், 0.8 மில்லிமீற்றர் (183 பாகையில் உருகும், பழகுவதற்கு ஈயமில்லாததைவிட இலகு). சிலிக்கன் உறை வயர், மின்சாரத்துக்கு 18 ஏடபிள்யூஜி, தகவலுக்கு 22 (வயரின் தடிப்பு அளவு, எண் கூடினால் வயர் மெல்லியது). ஜேஎஸ்டி-எஸ்எம் மூன்று முனை இணைப்பான்கள், ஆண் பெண் சோடியாக 20. ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) 3, 5 மில்லிமீற்றர். 1000 மைக்ரோ ஃபாரட், 10 வோல்ற் கெப்பாசிட்டர். 330 ஓம் ரெசிஸ்டர். 74ஏஎச்சிடி125 சிப் (தகவல் சமிக்ஞையை 5 வோல்ற்றுக்கு உயர்த்த).

18650 கலம் (உருளை வடிவ லித்தியம் பற்றரி) வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நல்ல கலம் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். மேலே 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய். இந்த அளவுக் கலத்தில் நல்ல தயாரிப்பாளரிடம் கிடைப்பது 3500 சுற்றுவட்டாரம்தான். விலை மலிவு என்று இதை மட்டும் வாங்கக்கூடாது. உடலோடு ஒட்டி அணியப்போகிற பொருள் இது.

எல்ஈடி பட்டியைச் சுருளோடு கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். யூஎஸ்பி கேபிள்களைப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் பார்க்கலாம். தடித்த கேபிளாக எடுக்க வேண்டும். காரணம் சும்மா இல்லை. 28 ஏடபிள்யூஜி வயர் ஒரு மீற்றருக்கு 0.21 ஓம். போக வர இரண்டு வயர், 1.2 அம்பியர் ஓடினால் அரை வோல்ற் வழியிலேயே தொலைகிறது. அதே நீளம் 22 ஏடபிள்யூஜி என்றால் இழப்பு 0.13 வோல்ற்.

ஜூலை 16, புதன்

ஏபிஐடி கட்டி முடிந்தது, வற் இன்னும் இருக்கிறது. இன்றிரவு தகவல் வயரின் கணக்கு மட்டும்.

டபிள்யூஎல்ஈடி ஓடும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான ஈஎஸ்பி32 தகவல் வயரில் வெளியிடுவது 3.3 வோல்ற். பட்டி கேட்பது தன் மின்னழுத்தத்தின் 0.7 மடங்கு, 5 வோல்ற்றில் 3.5. மேசையில் வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் எரியும், அதனால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. விழாவன்று புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் 5.1 வோல்ற் கொடுக்கும்போது தேவை 3.57 ஆகிறது, விளக்குகள் கண்டபடி மின்னத் தொடங்கும். பிறகு ஓடி ஓடி மின்னழுத்தம் சற்று இறங்கியதும் தானாகச் சரியாகும். பழுது எங்கே என்று தேடுபவரை இது மிகவும் அலைக்கழிக்கும். 74ஏஎச்சிடி125 நடுவில் இருந்தால் முழு 5 வோல்ற் போகும். சிப் கிடைக்காவிட்டால் முதல் எல்ஈடிக்கு மட்டும் 1என்4001 டயோட் வழியாக மின்சாரம் கொடுக்கலாம். அதன் மின்னழுத்தம் 4.3 ஆக இறங்கும், அது கேட்பது 3 வோல்ற். அடுத்தவற்றுக்கு அதுவே சமிக்ஞையைக் கடத்திவிடும்.

330 ஓம் தகவல் வயரில், பட்டியின் வாயருகே. 1000 மைக்ரோ ஃபாரட் மின்வாயில். பலகையின் கிரவுண்டும் (மறை முனை) பட்டியின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். "எல்லாம் சரி, எரியவில்லை" என்று வருபவற்றில் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

சோல்டர் முனை 340 பாகை. பட்டியின் செப்புத் திட்டில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் திட்டு உரிந்து வந்துவிடும். திட்டிலும் வயரிலும் முன்பே ஈயம் பூசி, பிறகு தொட்டு எடுப்பது பாதுகாப்பு. அம்புக்குறி பலகையிலிருந்து விலகிப் போகும் திசையில் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் மிக முக்கியமானது சோல்டருக்கு அடுத்த கட்டம். சோல்டர் நனைந்த வயர் விறைப்பாகிவிடும். விறைப்பும் மென்மையும் சந்திக்கும் இடத்தில்தான் நடக்கும்போதும் உட்காரும்போதும் ஒடியும். இணைப்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி வயரை ஃபோமோடு ஒட்டிவிட்டால் இழுவை இணைப்புக்குப் போகாது. ஒவ்வொரு பாகத்துக்கும் (தோள், நெஞ்சு, கைக்கவசம்) தனி ஜேஎஸ்டி இணைப்பான் வேண்டும். பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற, கட்டியவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், எந்தத் தொண்டருக்கும் ஐந்து நிமிடம் போதும் என்ற நிலை வர வேண்டும். அழகான சுற்றைவிட எனக்கு இதுவே பெரிது.

பட்டியின் கடைக்கோடி வெள்ளை செம்மஞ்சளாகத் தெரிந்தால் மின்னழுத்தம் இறங்கிவிட்டது. நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. மறுமுனையிலும் 18 ஏடபிள்யூஜி வயரால் மின்சாரம் ஊட்டினால் தீரும்.

ஜூலை 26, சனி

ஒலி. டிஎஃப்பிளேயர் மினி, மெமரி கார்டிலிருந்து ஒலி எழுப்பும் சிறு பலகை. மெமரி கார்ட் 32 ஜிபி வரை, எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட். "எம்பி3" என்ற பெயரில் கோப்புறை, அதற்குள் 0001, 0002 என நாலிலக்கப் பெயர்கள். கோப்புறை இல்லாமல் போட்டால் பெயர் வரிசையில் ஓடாது, நகலெடுத்த வரிசையில் ஓடும். தகவல் வயரில் 1 கிலோ ஓம் போட்டால் இரைச்சல் குறையும்.

டபிள்யூஎல்ஈடி பற்றி ஓர் எச்சரிக்கை. அது முதலில் தரும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் உலகம் முழுதும் ஒன்றே. மாற்றாமல் விழாவுக்கு வந்தால், தெரிந்த எவரும் உங்கள் கவசத்தை ஊதா நிறமாக்கலாம். இரண்டையும் இன்றே மாற்றுங்கள். கூடவே, மின்சாரம் வந்தவுடன் எந்த நிறத்தில் தொடங்க வேண்டும் என்பதைச் சேமித்துவிடுங்கள். கூட்டத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகி, கைத்தொலைபேசியால் இயக்குவது தடுமாறும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மாத முடிவு வாரம். பெட்டி அடுக்குவது மட்டும்.

வோக்கி டோக்கி வாங்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. அலைவரிசைக் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பயன்படுத்தக்கூடாது. கைத்தொலைபேசிக் குழுவும் மண்டபத்தின் வரைபடமும் போதும்.

ஓகஸ்ட் 8, வெள்ளி, நிக்கினி போயா

மேசை போடும் நாள். மின்சாரக் கணக்கு: பசைத் துப்பாக்கி இரண்டு 200 வொட், சோல்டர் அயன் இரண்டு 120, விளக்கு 20, சார்ஜர்கள் 80. மொத்தம் 420 வொட், 230 வோல்ற்றில் 2 அம்பியருக்கும் குறைவு. இதில் ஆபத்து இல்லை. யாராவது கேத்தல் கொண்டு வந்து செருகுவதுதான் ஆபத்து: 2000 வொட், 8.7 அம்பியர். துணி சுருக்கம் எடுக்கும் ஸ்டீமர் 1500 வொட், 6.5 அம்பியர். இரண்டும் ஒரே நீட்டிப்புப் பலகையில் என்றால் 15 அம்பியர், 13 அம்பியர் பிளக்கின் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே பலகையில் "திருத்தும் மேசைக்கு மட்டும்" என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டினோம். சுருள் கேபிளை முழுதாக அவிழ்த்துப் போட வேண்டும். சுருட்டியபடி பாரம் ஏற்றினால் உள்ளேயே சூடு தங்கி உறை உருகும். பழைய மண்டபங்களில் வட்டப்பின் துவாரமும் இருக்கும். சரியான அடப்டர் இரண்டு பெட்டியில் இருக்கட்டும்.

மணல் நிரப்பிய உலோக வாளி ஒன்று மேசைக்குக் கீழே. உப்பிய லித்தியம் பற்றரி வந்தால் குத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. வாளியில் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஓகஸ்ட் 9, சனி

மேசைக்கு வருபவரிடம் முதல் கேள்வி, "தொடலாமா? கழற்றலாமா?" உடையின் எந்த இடம் வலுவில்லாதது என்று கட்டியவருக்குத்தான் தெரியும். உடலில் அணிந்திருக்கும்போது சோல்டர் கிடையாது, யார் அவசரப்படுத்தினாலும். கழற்ற முடியாதென்றால் முன்பே சோல்டர் பண்ணி வைத்த வால் வயரையும் நெம்புகோல் இணைப்பானையும் கொண்டு இணைத்து அனுப்பலாம்.

பழுது தேடும் வரிசை: பவர் பேங்க் விழித்திருக்கிறதா, பட்டியின் வாயில் 4.5 வோல்ற்றுக்கு மேல் இருக்கிறதா, கிரவுண்ட் தொடர்கிறதா, பிறகு தகவல். பாதி வரை எரிந்து மீதி இருண்டால், எரியும் கடைசி எல்ஈடி அல்லது அதற்கடுத்தது செத்திருக்கிறது. அதன் தகவல் உள்வாயையும் வெளிவாயையும் சிறு வயரால் பாலம் போட்டால் மீதி எரியும்.

ஈவிஏ ஃபோமுக்குக் குறைந்த வெப்பப் பசைத் துப்பாக்கிதான். அதிக வெப்பத்தில் ஃபோம் உருகிக் குழி விழும். வியர்வை பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடைத்து, ஒரு நிமிடம் காயவிட்டு ஒட்ட வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வரிசை நகரும். அதற்கு மேல் எடுக்கும் வேலைக்கு ஊக்கும் கஃபர் டேப்பும் (துணி ஒட்டுநாடா) கொடுத்து, கூட்டம் குறைந்ததும் வரச் சொல்லலாம்.

ஓகஸ்ட் 11, திங்கள்

இரவு முக்கால் மணி, பிரித்தெடுக்கும் வேலை. வாரக் கடைசியில் 15 ஆம் திகதி காத்திருக்கிறது, அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. வியர்வையின் உப்பும் கடற்காற்றும் சேர்ந்து இணைப்பான்களில் பச்சை பூக்க இரண்டு வாரம் போதும். முனைகளை அல்கஹோலால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். 18650 கலங்களைக் கருவியிலிருந்து கழற்றி, 3.7 முதல் 3.8 வோல்ற் வரை இருக்கும்படி ஏற்றியோ இறக்கியோ, முனைகள் ஒன்றோடொன்று படாத பிளாஸ்ரிக் உறையில் வைக்க வேண்டும். முழுச் சார்ஜில் மாதக்கணக்காக வைத்தால் கொள்ளளவு குறையும். திறந்த சூப்பர் குளூ இந்த ஈரப்பதத்தில் அடுத்த விழாவரை தாங்காது. அதைப் பட்டியலில் மறுபடி சேர்த்தாயிற்று. செத்த எல்ஈடி உள்ள பட்டித் துண்டுகளைத் தனி உறையில் போட்டு, எத்தனையாவது எல்ஈடி என்று மேலே எழுதி வைத்தால் நல்ல பகுதியை வெட்டிக் கைக்கவசங்களுக்குப் பயன்படுத்தலாம்.