கவுண்டி வக்கீலின் மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

மாமா நேற்று ராத்திரி போனில் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்: "நீ அங்க பி.பி.யா, ஜி.பி.யா?" ஊரில் மாவட்ட நீதிமன்றத்தில் காலமெல்லாம் சிவில் பக்கமே நின்றவர் அவர். பி.பி. என்றால் குற்ற வழக்கு நடத்தும் அரசு வக்கீல், ஜி.பி. என்றால் சிவில் பக்கத்து அரசு வக்கீல். ஜி.பி. மாதிரிதான் மாமா என்றேன். "அப்ப ஆட்சி மாறினா உன்னையும் மாத்திடுவாங்களே?" என்றார்.

இங்கே அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் மொத்தம் 58 கவுண்டிகள், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. குற்ற வழக்கு நடத்துகிறவர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், டிவியில் வருகிறவரும் அவர்தான். சிவில் பக்கம் கவுண்டி கவுன்சல். எங்கள் ஊரில் சூப்பர்வைசர்கள் என்று மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட போர்டு அவரை நான்கு வருடத்துக்கு நியமிக்கிறது. அவருக்குக் கீழே என்னைப் போல் சில துணை வக்கீல்கள். சாலை, சிறை, ஆஸ்பத்திரி, நூலகம், சொத்துவரி, குழந்தைகள் பாதுகாப்பு, தெருநாய் என்று எல்லாத் துறைக்கும் நாங்கள்தான். இவ்வளவையும் விளக்கினால் மாமா, "சரி சரி, ஜி.பி.தான்" என்று முடித்துவிடுவார்.

(இங்கே நான் எழுதிக் காட்டுகிற ஆட்கள் பல கோப்புகளைக் கலந்து உருவாக்கப்பட்டவர்கள். இந்தத் தொழிலில் வாய் நீண்டால் லைசென்ஸ் போய்விடும்.)

இன்று முழுக்க நஷ்டஈட்டு மனுக்கள். கவுண்டியிடம் நஷ்டஈடு வேண்டுமென்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. உடம்பில் காயமோ, பொருளுக்கோ நிற்கிற பயிருக்கோ சேதமோ, ஆறு மாதத்துக்குள் முதலில் கவுண்டியிடமே மனு கொடுக்க வேண்டும். முடிவு செய்ய எங்களுக்கு 45 நாள். தள்ளுபடி செய்து முறைப்படி நோட்டீஸ் அனுப்பினால், வழக்குப் போட மனு கொடுத்தவருக்கு இன்னொரு ஆறு மாதம்.

ஒரு மனுவில் பள்ளத்தின் போட்டோ. ஆழம் தெரிய வேண்டுமென்று அதற்குள் ஒரு பெப்சி டின்னை நிற்க வைத்து எடுத்திருக்கிறார். டின்னின் தலை சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நான் வக்கீலாக இல்லாமல் ஜூரியாக இருந்தால் அந்த ஒரு படம் போதும். ஆனால் சட்டம் கேட்பது ஆழத்தை மட்டும் இல்லை: பள்ளம் இருப்பது கவுண்டிக்கு முன்பே தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? சாலைத் துறையின் புகார்ப் பதிவேட்டை வரவழைத்தேன். அந்த இடத்தைப் பற்றி இரண்டு வாரம் முன்பே ஒரு அம்மா கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "ஆள் அனுப்பப்படும்" என்று குறிப்பு. ஆள் போனதாகக் குறிப்பு இல்லை. டயருக்கும் ரிம்முக்கும் பணம் கொடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டேன். ரிஸ்க் மேலாளர் முனகினார். முனகட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

போர்டு கூட்டம். மேடையின் ஓரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி, ஒரு மைக். மைக்கைத் தொடாமல் கூட்டம் முடிந்தால் நல்ல நாள்.

இன்று தொட வேண்டி வந்தது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, அவர் வீட்டுப் பக்கத்து ஓடைக்கரையில் ராத்திரியில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுகிறார்கள் என்றார். அந்தப் பகுதி சூப்பர்வைசருக்குச் சூடு ஏறிவிட்டது. பொதுப்பணித் துறை இயக்குநரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்டார். இன்னொருவர் கேமரா வைக்கலாம் என்றார், மூன்றாமவர் அதற்குப் பணம் எங்கிருந்து எடுக்கலாம் என்று ஆரம்பித்தார். மைக்கை அழுத்தினேன். "தலைவர் அவர்களே, இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை."

1953-இல் வந்த பிரவுன் சட்டம். வழக்கமான கூட்டத்தில் எதைப் பேசப் போகிறார்கள் என்பதை 72 மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும். ஒட்டாததைச் சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளலாம், அடுத்த கூட்டத்துக்கு அறிக்கை கேட்கலாம். அங்கேயே விவாதித்து முடிவெடுக்கக் கூடாது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்த லாரிக்காரர்களுக்கு ஆதரவாக இதே மூன்று பேர் இதே மாதிரி திடீரென்று முடிவெடுத்தால், அந்தப் பெரியவருக்குக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்றே தெரிந்திருக்காதே!

அவர் என்னைத்தான் முறைத்தார். வெளியே வரும்போது, "நீங்க யாரோட வக்கீல்?" என்று கேட்டார். கவுண்டியுடையவன் என்றேன். "நானும் கவுண்டிதானே" என்றார்.

நியாயமான கேள்விதான். என் கட்சிக்காரர் அந்த ஐந்து பேரில் எவரும் இல்லை. சபை கூடி, குறைந்தது மூன்று பேர் கை தூக்கினால்தான் அது கட்சிக்காரரின் குரல். தனித்தனியாக வந்து "என் வக்கீல்" என்று தோளில் கை போடும்போது நைசாக நழுவ வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் ஒரு சூப்பர்வைசரின் உதவியாளர் இதே ஓடை விஷயமாக ஐந்து பேருக்கும் சேர்த்து மெயில் போட்டுவிட்டார். ஒருவர் "ரிப்ளை ஆல்" தட்டிக் கருத்துச் சொல்லி, அதற்கு இன்னும் இரண்டு பேர் பதில் போட்டால் அதுவே ரகசியக் கூட்டம் ஆகிவிடும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன்: படியுங்கள், பதில் மட்டும் போடாதீர்கள்.

மார்ச் 6, வியாழன்

தகவல் கேட்டு ஒரு மனு: "தண்ணீர்" என்ற சொல் வரும் மெயில்கள் எல்லாம் வேண்டும், பத்து வருடத்துக்கு. நாங்கள் இருப்பது விவசாயப் பள்ளத்தாக்கு. இங்கே தண்ணீர் என்ற சொல் இல்லாத மெயில் உண்டா?

பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் 14 நாள் கூடுதல். மனுவைச் சுருக்கித் தர அவருக்கு உதவுவதும் எங்கள் கடமை. கூப்பிட்டுப் பேசினேன். அவருக்கு உண்மையில் வேண்டியது ஒரே ஒரு கிணற்று அனுமதி. அரை மணியில் முடிந்தது. இப்படிப் பல மனுக்கள் ஒரு போன் காலில் சுருங்கிவிடும், யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரு சிக்கல்: அந்த அனுமதி பற்றி அதிகாரி ஒருவர் தன் சொந்த போனில் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "அது என் போன்" என்றார். 2017-இல் சான் ஹோசே நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு வேலையைப் பற்றி எழுதியது சொந்தக் கருவியில் இருந்தாலும் அரசு ஆவணம்தான். அவர் என் எதிரே உட்கார்ந்து, முகம் சிவக்க, மனைவியின் காய்கறி லிஸ்ட்டுக்கு நடுவிலிருந்து அந்த மெசேஜ்களைத் தேடி எடுத்தார்.

மார்ச் 10, திங்கள்

நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாகிவிட்டது. ஆபீஸ் முழுக்கத் தூக்கக் கலக்கம். ஒப்பந்தங்கள் பார்த்தேன். ஒரு மென்பொருள் கம்பெனி, தன் தவறுக்கும் கவுண்டியே பொறுப்பு என்று ஒரு பத்தியைப் பொடி எழுத்தில் சொருகியிருக்கிறது. அடித்துவிட்டேன். அவர்கள் மறுபடி சொருகுவார்கள், நான் மறுபடி அடிப்பேன்.

மார்ச் 12, புதன்

மனநலக் கோர்ட். இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான்.

ரீகன் கவர்னராக இருந்தபோது, 1967-இல் கையெழுத்தான சட்டம். அதுவரை மனநோயாளியைக் கேள்வி கேட்பாரில்லாமல் வருடக் கணக்கில் அடைத்து வைக்க முடிந்தது. இப்போது முதலில் 72 மணி நேரம், அப்புறம் 14 நாள் என்று படிப்படியாகத்தான் போக முடியும். கடைசிப் படி கன்சர்வேட்டர்ஷிப். மனநோயால் சோறு, துணி, தங்க இடம் ஆகியவற்றைத் தேடிக்கொள்ள முடியாதவர் என்று நிரூபித்தால், அவர் எங்கே தங்குவது என்பதைக் கவுண்டியின் பப்ளிக் கார்டியன் என்ற காப்பாளர் அதிகாரி முடிவு செய்யலாம். ஒரு வருடத்தில் தானாகக் காலாவதியாகிவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி மனு, மறுபடி நிரூபணம். அந்த மனுவைப் போடுகிறவன் நான்.

இன்றைய ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, கையில் ஒரு மஞ்சள் நோட்டு. என்னைப் பார்த்ததும், "வருஷா வருஷம் என்னைப் பூட்டி வைக்கிற ஆள் நீதானே?" என்றார். கோபமாக இல்லை, அடையாளம் கண்டுகொண்ட மாதிரி. அவருடைய வக்கீல் பக்கத்தில் இல்லாமல் நான் அவரிடம் வழக்கைப் பேசக் கூடாது. "குட் மார்னிங்" மட்டும் சொன்னேன்.

உள்ளே போனதும் அவருடைய பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசுச் செலவில் அவருக்காக வாதாடும் வக்கீல், ஜூரி விசாரணை கேட்டார். அது அவர் உரிமை. 1979-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பன்னிரண்டு பேரும் ஒரே மனதாக, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கொலை வழக்குக்கு என்ன அளவோ அதே அளவு. பத்து நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். 20-ஆம் தேதி என்று போட்டார் நீதிபதி.

மார்ச் 14, வெள்ளி

ஒரு பெண்ணிடமிருந்து போன். அம்மா இறந்துவிட்டார். ஐந்து வருடத்துக்கு மேல் சொத்துவரி பாக்கி, கவுண்டி வீட்டை ஏலத்தில் விற்றுவிட்டது. இப்போது ஏதோ ஒரு கம்பெனி, பாக்கி போக மீதிப் பணத்தை வாங்கித் தருகிறோம், எங்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்று கடிதம் போட்டிருக்கிறது. "மீதிப் பணம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

மின்னசோட்டாவில் இல்லாமல் இருந்தது. மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற பாட்டியின் பாக்கி, வட்டியும் அபராதமும் சேர்ந்து சுமார் 15,000 டாலர். அவருடைய அடுக்குமாடி வீட்டை கவுண்டி 40,000-க்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. 2023 மே மாதம், அவருக்கு 94 வயதானபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் சேர்ந்து அது தப்பு என்றார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது அந்தப் பாட்டியைவிட, எதிர்ப்பக்கம் நின்ற கவுண்டி வக்கீல்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மாநிலச் சட்டம் அவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

கலிஃபோர்னியாவில் மீதியைக் கேட்டு வாங்க வழி உண்டு. ஆனால் நான் கவுண்டியின் வக்கீல், அவளுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. சொன்னது இவ்வளவுதான்: டாக்ஸ் கலெக்டர் ஆபீசில் படிவம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தானே நிரப்பலாம், விற்பனைப் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுகூட அதிகம் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். எங்கள் கையில் இருப்பது அவள் பணம். படிவம் எங்கே என்று சொல்வதற்கு என்ன தயக்கம்?

மார்ச் 17, திங்கள்

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் தம்பியிடமிருந்து, பப்ளிக் டிஃபெண்டர் வழியாக ஒரு கடிதம். கையெழுத்தில் ஒரு பக்கம். கராஜை அறையாக மாற்றியிருக்கிறார்களாம், குளியலறை தனி. சாப்பாடு தங்களோடு, துணிமணி தாங்களே, மாத்திரை வாங்கப் புதன்கிழமைகளில் தம்பி மனைவி கிளினிக்குக்குக் கூட்டிப் போவாள். குடும்பத்தார் உதவியோடு பாதுகாப்பாக இருக்க முடியுமென்றால் அவர் சட்டத்தின் கண்ணில் இயலாதவர் இல்லை. உதவுகிறவர் அதை எழுத்தில் தர வேண்டும். தந்துவிட்டார்.

பப்ளிக் கார்டியன் ஆபீசில் உட்கார்ந்து பேசினோம். டாக்டர் போனில் இருந்தார்: வெளியே போனால் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பது அவர் கணிப்பு. இருக்கலாம். சட்டம் கேட்பது இன்றைய நிலையை. துணை கார்டியன் நேர்மையாகச் சொன்னாள்: "ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல எங்க பேருதான் வரும்." அதையும் இருக்கலாம் என்றேன். அந்தப் பயத்தை ஜூரி முன்னால் சாட்சியாக வைக்க முடியாது. இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினால் பன்னிரண்டு பேரும் நம் பக்கம் வரமாட்டார்கள், வரவும் கூடாது என்பது என் கருத்து. முடிவு கார்டியனுடையது.

மார்ச் 18, செவ்வாய்

போர்டு. மூடிய அறைக்குள் ஒரு வழக்கின் சமரசம். உள்ளே பேசியதை எழுத முடியாது. ஓடைக்கரை இந்த முறை நிரலில் இருந்தது. பெரியவர் வந்தார், மூன்று நிமிடம் பேசினார், கேமராவுக்குப் பணம் ஒதுக்கினார்கள். மைக்கைத் தொடவில்லை.

மார்ச் 19, புதன்

காலையில் கார்டியன் கூப்பிட்டு, மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார். பதினொரு மணிக்கு நீதிபதி முன் நின்றேன். தம்பி வேலை உடுப்போடு பின் வரிசையில் இருந்தார், மடியில் கார் சாவி. நீதிபதி ஆணையைப் படித்ததும் என் பழைய எதிராளி மஞ்சள் நோட்டைத் திறந்து, தேதியைப் பக்கத்திலிருந்தவரிடம் சரிபார்த்து எழுதிக்கொண்டார். பிறகு பப்ளிக் டிஃபெண்டரிடம், "அடுத்த வருஷம் இந்த ஆள் வருவாரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கிளார்க் அடுத்த கோப்பின் எண்ணைக் கூப்பிட்டார். அதுவும் என் கோப்புதான்.